நீராவி ரயில் காலத்து மோதல்களும் ரயில் தொழிலாளர் உயிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நீராவி என்ஜின்கள் ஆண்ட காலத்தைப் பற்றி, குறிப்பாக 1850 முதல் 1920 வரையிலான ஆண்டுகளைப் பற்றி, ரயில் ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பயணிகளைவிட என்ஜினிலும் கார்டு வண்டியிலும் பெட்டிக் கூரையிலும் நின்று வேலை பார்த்தவர்களைப் பற்றியே அதிகம் பேசும். அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர்த் திசையில் ரயில்களை எந்தத் துணிச்சலில் விட்டார்கள்?

கால அட்டவணையை நம்பித்தான். அந்நாட்டுப் பாதைகளில் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே பல இடங்களில் ஒரு கைகாட்டிகூடக் கிடையாது. ரயில்களுக்குள் மேல், கீழ் என்று தகுதி பிரித்திருந்தார்கள். விரைவுப் பயணிகள் ரயில் மேல். சரக்கு ரயில் கீழ். இரண்டும் ஒரே தகுதி என்றால் எந்தத் திசையில் போகும் ரயில் மேல் என்பதும் அட்டவணையிலேயே இருக்கும். கீழ்த்தகுதி ரயில் குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே லூப் லைனில் (பிரதான பாதையை ஒட்டிய பக்கப்பாதை) ஒதுங்கி, மேல்தகுதி ரயில் கடந்துபோகும்வரை நிற்க வேண்டும். வர வேண்டிய ரயில் வழியில் பழுதாகி நின்றுவிட்டால் ஒதுங்கிய ரயிலும் மணிக்கணக்கில் கிடக்க வேண்டியதுதான்.

தந்தி வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

காத்திருப்பு குறைந்தது. ஆபத்து வேறு வடிவம் எடுத்தது.

1851-இல் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட் ஒரு ரயிலில் மேற்கே போய்க்கொண்டிருந்தார். எதிரே வர வேண்டிய விரைவு ரயில் தாமதம். டர்னர்ஸ் நிலையத்திலிருந்து 14 மைல் தொலைவில் இருந்த கோஷன் நிலையத்துக்குத் தந்தி அடித்து, அந்த ரயில் இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். வந்தால் அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, தம் ரயிலைப் புறப்படச் சொன்னார். டிரைவர் ஐசக் லூயிஸ் மறுத்துவிட்டார். கம்பியில் வந்த சொல்லை நம்பி ஒற்றைப் பாதையில் ஏறுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மைனாட் தாமே என்ஜினை ஓட்டிப் போனார். லூயிஸ் கடைசிப் பெட்டியில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் லூயிஸைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். எனக்கு அவர் செய்ததில் தவறு தெரியவில்லை. பின்னாளில் நடந்த பல நேர்மோதல்களில், தந்தி உத்தரவு தவறாக எழுதப்பட்டிருக்கும், அல்லது சரியாக எழுதி உரியவரிடம் சேராமல் போயிருக்கும், அல்லது சேர்ந்தும் மறந்துபோயிருக்கும்.

உத்தரவுகள் பெரும்பாலும் இரண்டு வகைப் படிவங்களில் வந்தன. 31-ஆம் எண் படிவம் என்றால் ரயிலை நிறுத்திக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். 19-ஆம் எண் படிவத்தை ஓடும் ரயிலிலிருந்தே, நீண்ட வளையத்தில் செருகி நீட்டப்பட்டதைப் பறித்துக்கொள்ளலாம். கையெழுத்துக்காக நின்றால் நேரம் போகிறது என்பதால், கையெழுத்தில்லாத படிவத்தின் பக்கமே நிர்வாகங்கள் சாய்ந்தன.

ஒரு கடிகாரம் நின்றதால் ரயில்கள் மோதின என்பது உண்மையா?

1891 ஏப்ரல் 18 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்ற சிற்றூரில் விரைவுத் தபால் ரயிலும் ஒரு பயணிகள் ரயிலும் மோதின. இரண்டு டிரைவர்களும், தபால் பெட்டியில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஊழியர்களும் இறந்தார்கள். ஒதுங்க வேண்டிய ரயிலில் ஒருவருடைய கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியது என்று அன்றிலிருந்து சொல்லப்பட்டு வருகிறது. கதை கொஞ்சம் கச்சிதமாக இருப்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. விளைவு மட்டும் உறுதியானது. கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரை அந்தப் பாதையின் ரயில் நிர்வாகம் தலைமைக் கடிகாரப் பரிசோதகராக அமர்த்தியது. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக்கூடாது, உள்ளே தேய்மானம் குறைக்கும் கற்கள் குறைந்தது 17 பதித்திருக்க வேண்டும், எண்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன.

இந்தக் கடிகாரத்தைத் தொழிலாளிதான் தன் சம்பளத்தில் வாங்க வேண்டியிருந்தது.

மிக மோசமான மோதல் எது? அது எப்படி நடந்தது?

அமெரிக்காவில் இறந்தவர் எண்ணிக்கையில் முதலிடம் 1918 ஜூலை 9 காலை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு வெளியே, டச்சுமேன்ஸ் கர்வ் எனப்படும் வளைவில் நடந்த நேர்மோதலுக்கு. விசாரணை ஆணையக் கணக்குப்படி 101 பேர் இறந்தார்கள். 171 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் அருகிலிருந்த ஓல்ட் ஹிக்கரி வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். நிறவெறிச் சட்டம் அவர்களுக்கு ஒதுக்கிய மரப்பெட்டிகள் என்ஜினுக்கு மிக அருகே இருந்தன.

நாஷ்விலிலிருந்து சில மைல் தூரம் இரட்டைப் பாதை. ஷாப்ஸ் என்ற இடத்தில் அது ஒற்றைப் பாதையாகச் சுருங்கும். நகரிலிருந்து வெளியே போன 4-ஆம் எண் ரயில், மெம்ஃபிஸிலிருந்து தாமதமாக வந்துகொண்டிருந்த 1-ஆம் எண் ரயில் தன்னைக் கடந்துவிட்டதா என்பதை அந்த இரட்டைப் பாதையிலேயே கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கடக்கவில்லை என்றால் ஷாப்ஸில் நிற்க வேண்டும். ஏற்பாடு முழுவதும் இவ்வளவுதான்.

4-ஆம் எண் ரயிலின் கண்டக்டர் பயணிகளிடம் டிக்கெட் சேகரித்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ரயில்களில் கண்டக்டர் என்பவர் நம் ஊர் கார்டைப் போல ரயிலுக்கே பொறுப்பாளர். எதிர் ரயிலைப் பார்க்கும் வேலையைக் கூட வந்த ஊழியரிடம் விட்டிருந்தார். பக்கத்துப் பாதையில் ஒரு யார்டு என்ஜின் காலிப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு போன சத்தம், 1-ஆம் எண் ரயில் போய்விட்டது என்று அவர்களை நினைக்க வைத்தது. ஷாப்ஸ் கோபுரத்தில் கைகாட்டி இறங்கியிருந்தது, அதாவது வழி திறந்திருந்தது. ரயில் கடந்தபின் பதிவேட்டைப் பார்த்த கோபுர ஊழியர், 1-ஆம் எண் இன்னும் வரவில்லை என்பதைக் கண்டு தலைமையிடத்துக்குத் தந்தி அடித்தார். அவனை நிறுத்த முடியுமா என்று பதில் வந்தது. அபாயச் சங்கை ஊதினார். ரயிலின் பின்புறத்தில் அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

விசாரணை பழியை 4-ஆம் எண் ரயில்காரர்கள் மீது போட்டது. சரி, அவர்கள் பார்க்கத் தவறினார்கள்தான். ஆனால் டிக்கெட்டும் கிழித்துக்கொண்டு எதிர் ரயிலின் எண்ணையும் ஜன்னல் வழியே பார்க்கும் வேலையை ஒரே மனிதருக்குக் கொடுத்தது யார்? எதிரே ரயில் வரும்போதே வழி திறந்திருப்பதாகக் காட்டக்கூடிய ஒரு கைகாட்டியை வைத்திருந்தது யார்? அதே அறிக்கை, மரப்பெட்டிகளுக்குப் பதில் எஃகுப் பெட்டிகள் இருந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது என்பதையும் எழுதி வைத்திருக்கிறது.

ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் ரயிலுக்கு எப்படித் தெரியும்?

ஒரு மனிதன் ஓடிப்போய்ச் சொல்வான். 99-ஆம் எண் விதி என்று பெரும்பாலான நிர்வாகங்களின் விதிப்புத்தகத்தில் இது இருந்தது. டிரைவர் ஒரு நீண்ட, மூன்று குறுகிய ஊதல் ஊதினால், பின்பகுதி பிரேக்மேன் (பெட்டிகளின் பிரேக்கைப் போடும் ஊழியர்) சிவப்புக் கொடியோ விளக்கோ எடுத்துக்கொண்டு, வந்த வழியே போதுமான தூரம் நடக்க வேண்டும். தண்டவாளத்தில் சிறு வெடிகளைக் கட்டிவைப்பார். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை எச்சரிக்கும். பத்து நிமிடம் எரியும் சிவப்பு மத்தாப்புக் குச்சியைக் கொளுத்திப் போடுவதும் உண்டு. ரயில் புறப்படத் தயாரானதும் திரும்பி வரச் சொல்லி மறுபடி ஊதல் வரும்.

எவ்வளவு தூரம் நடந்தால் ‘போதுமான’ தூரம் என்று விதி சொல்லாது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் அந்த பிரேக்மேன். மோதல் நடந்துவிட்டால், நடந்த தூரம் போதவில்லை என்பது தானாகவே நிரூபணமாகிவிடும். பனிப்புயலில் அரை மைல் பின்னால் நடந்தவர், ரயில் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சீக்கிரம் திரும்புவது மனித இயல்பு.

கேசி ஜோன்ஸ் வீரனா, விதிமீறியவரா?

இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

1900 ஏப்ரல் 30 அதிகாலை, பாட்டுகளில் புகழப்படும் டிரைவர் கேசி ஜோன்ஸ் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் 1-ஆம் எண் பயணிகள் ரயிலை 382-ஆம் எண் என்ஜினில் மெம்ஃபிஸிலிருந்து கேன்டனுக்கு ஓட்டிப் போனார். புறப்படும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். மிசிசிப்பியின் வான் நிலையத்தை நெருங்கும்போது ஏறக்குறைய முழுவதையும் ஈடுகட்டிவிட்டார். அங்கே லூப் லைனில் இரண்டு சரக்கு ரயில்கள் அடங்காமல் நின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ரயில்களை முன்னும் பின்னும் நகர்த்தி, வரும் ரயிலுக்கு வழிவிடுவார்கள். அன்று ஒரு சரக்கு ரயிலின் காற்றுக்குழாய் அறுந்து பிரேக் பிடித்துக்கொண்டது. கடைசி நான்கு பெட்டிகள் பிரதான பாதையிலேயே நின்றுவிட்டன.

ஜோன்ஸ் தம் ஃபயர்மேன் (என்ஜினில் நிலக்கரி அள்ளிப் போடுபவர்) சிம் வெப்பைக் குதிக்கச் சொன்னார். தாம் பிரேக்கை விடாமல் நின்று, மணிக்கு சுமார் 75 மைல் வேகத்தை 35 அளவுக்குக் குறைத்தார். பயணிகள் யாரும் சாகவில்லை. மோதலில் இறந்தவர் அவர் ஒருவரே.

நிர்வாகத்தின் அறிக்கை, கொடி பிடித்தவரைக் கவனிக்கத் தவறிய ஜோன்ஸே முழுப் பொறுப்பு என்றது. கொடியையோ மத்தாப்பையோ தாங்கள் பார்க்கவே இல்லை, வெடிச் சத்தம் கேட்கவும் இல்லை என்று சிம் வெப் பின்னாளில் உறுதியாகச் சொல்லிவந்தார். 1957 வரை வாழ்ந்தார். ஜோன்ஸ் அதற்கு முன்பே விதிமீறலுக்காக ஒன்பது முறை தண்டிக்கப்பட்டவர் என்பதும் உண்மை. தாமதத்தை ஈடுகட்டும் டிரைவரைத் தட்டிக்கொடுத்து, மோதினால் மட்டும் விதிப்புத்தகத்தைத் திறப்பது எல்லா நிர்வாகங்களுக்கும் பழகிய வேலை. ஜோன்ஸைப் பாடும் பாட்டுகளில் இந்தப் பகுதி வராது.

மோதல் உறுதி என்று தெரிந்தால் டிரைவர்கள் குதித்துவிடுவார்களா?

பலர் குதித்தார்கள், அதில் இழிவு ஒன்றும் இல்லை. டிரைவர் நிற்குமிடம் கொதிகலனுக்கும் நிலக்கரி வண்டிக்கும் நடுவே. மோதும்போது பின்னாலிருக்கும் நிலக்கரி வண்டி முன்னே பாய்ந்து அந்த இடத்தையே நசுக்கும். தப்பியவர்களையும் உடைந்த குழாயிலிருந்து பீறிடும் நீராவி வேகவைத்துவிடும். பிரேக்கை முழுவதும் போட்டு, தண்டவாளத்தில் மணல் தூவி, என்ஜினைப் பின்னோக்கித் திருப்பிய பிறகு உள்ளே நின்று செய்வதற்கு அதிகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. குதித்தவர் சரளைக் கல்லிலோ கம்பத்திலோ அடிபட்டுச் சாகவும் வாய்ப்பிருந்தது. வேகத்தையும் பக்கத்திலிருக்கும் நிலத்தையும் ஒரு நொடியில் கணக்குப் போட வேண்டும்.

தொழிலாளர்களை அதிகம் கொன்றவை இந்த மோதல்கள்தானா?

இல்லை. செய்தித்தாள்கள் மோதல்களைப் பெரிதாகப் போட்டன. ஒவ்வொரு நாளும் ஒருவர் இருவராகச் செத்தவர்களும் கை இழந்தவர்களும் நான்கு வரிச் செய்தியோடு முடிந்தார்கள். 1888 ஜூனில் முடிந்த ஓராண்டில் 2,000-க்கும் மேற்பட்ட ரயில் ஊழியர்கள் இறந்தார்கள், 20,000-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள் என்று ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் சொன்னார். போர்க்காலச் சிப்பாய்க்கு நிகரான ஆபத்தில் தொழிலாளியை வைத்திருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் எமன் பெட்டிகளை இணைக்கும் கொக்கி. அன்று இரும்பு வளையமும் ஆணியும்தான். ஒரு பெட்டி நகர்ந்து வர, இரண்டுக்கும் நடுவே பிரேக்மேன் நின்று, வளையத்தைக் கையால் தூக்கி எதிர்ப்பெட்டியின் வாய்க்குள் செலுத்தி, ஆணியை இறக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் விரல்கள் போகும். கால் இடறினால் உயிர். விரல் குறைந்தவரைப் பார்த்தால் அனுபவசாலி என்று வேலை கொடுப்பார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வதுண்டு.

இரண்டாவது, பிரேக். சரக்கு ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் ஒரு சக்கரம் இருக்கும். டிரைவர் ஊதினால் பிரேக்மேன்கள் கூரைமேல் ஓடி, பெட்டிக்குப் பெட்டி தாவி, தடியைச் செருகி அந்தச் சக்கரங்களை முறுக்க வேண்டும். இரவு, மழை, உறைபனி எதுவானாலும் இதுதான் வேலை. தாழ்வான பாலங்களில் தலை அடிபடாமலிருக்கப் பாலத்துக்கு முன்னால் கயிறுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். முதுகில் கயிறு உரசியவுடன் குனிய வேண்டும்.

தானியங்கிக் கொக்கியும் காற்று பிரேக்கும் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லையா?

கண்டுபிடிக்கப்பட்டிருந்தன, கோபம் வருவதே அதனால்தான். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தம் முதல் காற்று பிரேக்கை 1869-இல் கொண்டுவந்தார். குழாய் அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் வகை 1872-இல் வந்தது. எலி ஜேனி, மோதினாலே பூட்டிக்கொள்ளும் கொக்கிக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். மனிதனின் விரல்களை மடித்துக் கோத்தது போன்ற அமைப்பு. இன்றைய சரக்குப் பெட்டிக் கொக்கிகளும் அதன் வாரிசுகளே.

பயணிகள் ரயில்களுக்கு இவை விரைவில் வந்தன. சரக்கு ரயில்களுக்கு இருபது ஆண்டுகள் தாமதம். ஒரு நிர்வாகத்தின் பெட்டி நாடு முழுவதும் பிற நிர்வாகங்களின் பாதையில் அலைவதால், எல்லோரும் சேர்ந்து மாற்றாமல் ஒருவர் மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்று ஒரு வாதம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. நீண்ட சரக்கு ரயிலில் காற்று பிரேக் பின்பெட்டிகளை எட்டுவதற்குள் அவை முன்பெட்டிகள் மீது இடித்தன என்பதும் 1886, 1887 ஆண்டுகளில் அயோவாவின் பர்லிங்டனில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. வெஸ்டிங்ஹவுஸ் வால்வை மாற்றியமைத்து அதையும் சரிசெய்தார். அதற்குப் பிறகு தடுத்தது செலவு. பிரேக்மேனின் கையைவிடக் கொக்கியின் விலை அதிகமாக இருந்தது.

அயோவா விவசாயி லாரன்சோ காஃபின், ஒரு பிரேக்மேன் தம் கண்ணெதிரே விரல்களை இழந்ததைப் பார்த்தபின் இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். தொழிற்சங்கங்களும் சேர்ந்து அழுத்தம் கொடுக்க, 1893 மார்ச் 2 அன்று ஹாரிசன் பாதுகாப்புக் கருவிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1898 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நிர்வாகங்கள் அவகாசம் கேட்டுக் கேட்டு 1900 ஆகஸ்ட் 1 வரை இழுத்தன.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

அந்தக் கெடு முடிந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 5, யூட்டாவின் பிராமன்டரியில் ஜான்சன் என்ற பிரேக்மேன் ஒரு என்ஜினை உணவுப் பெட்டியோடு இணைக்கப்போய்க் கையை இழந்தார். இரண்டிலும் தானியங்கிக் கொக்கி இருந்தது. ஆனால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாத வெவ்வேறு வகை. சட்டம் ‘பெட்டி’ என்றுதான் சொல்கிறது, என்ஜின் பெட்டி ஆகாது என்று நிர்வாகம் வாதிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1904-இல்தான் உச்ச நீதிமன்றம், என்ஜினும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்றது.

காயம்பட்டால் நஷ்டஈடு கிடைத்ததா?

நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1842-இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் ஃபார்வெல் வழக்கில் தீர்ப்பளித்தது. பாயிண்ட்ஸ்காரர் பாதையைத் தவறாக வைத்ததால் வலது கையை இழந்த டிரைவர்தான் ஃபார்வெல். நாளுக்கு 2 டாலர் என்ற உயர்ந்த கூலியிலேயே ஆபத்துக்கான ஈடு அடங்கிவிட்டது, சக தொழிலாளியின் பிழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. ரயிலில் நடக்கும் ஏறக்குறைய எல்லாப் பிழையும் சக தொழிலாளியின் பிழைதானே! 1908-இன் கூட்டாட்சிச் சட்டம்தான், மாநில எல்லை தாண்டி ஓடும் ரயில்களின் ஊழியர்களுக்கு இந்தச் சுவரை உடைத்தது.

அதுவரை கைகொடுத்தவை சங்கங்களே. காப்பீட்டு நிறுவனங்கள் பிரேக்மேன்களைக் கண்டால் ஒதுங்கின. சங்கங்கள் தங்களுக்குள் நிதி திரட்டிக் காப்பீடு நடத்தின. பெருமையோடு சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இந்தச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. சிம் வெப்பைப் போன்ற தெற்கத்திய ஃபயர்மேன்கள் அதே ஆபத்தை எந்தத் துணையும் இல்லாமல் சந்தித்தார்கள்.

வேலை நேரத்துக்கு வரம்பு இருந்ததா?

1907 சட்டம் தொடர்ச்சியாக 16 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பதினாறு மணி நேரம் ஒரு சீர்திருத்தம் என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலும் இதே முறைதானா?

இல்லை. இங்கே பிரிட்டிஷ் வழக்கம் பரவியது. ஒற்றைப் பாதையில் நுழைய டிரைவர் கையில் அந்தப் பகுதிக்கான டோக்கன், அதாவது நுழைய அனுமதி தரும் அடையாளப்பொருள், இருக்க வேண்டும். இரு நிலையக் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. ஓடும் என்ஜினிலிருந்து ஃபயர்மேன் கையை நீட்டி வளையத்தோடு டோக்கனை வாங்குவதைத் தமிழ்நாட்டு நிலையங்களில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊழியர்கள் கவனம் தவறினால் இதிலும் மோதல் வரும்: 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸின் அபர்மியூலில், டிரைவரிடம் தவறான டோக்கன் கொடுக்கப்பட்டு, யாரும் அதில் எழுதியிருந்ததைப் படிக்காமல், இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின.

பழைய விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முடிவுரையைக் கடைசியாகப் படியுங்கள். அதில் பெரும்பாலும் ஊழியரின் பிழை என்று இருக்கும். முதலில் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்கள், உத்தரவு எந்தப் படிவத்தில் வந்தது, பாதையில் கைகாட்டி இருந்ததா, பெட்டிகள் மரமா எஃகா என்பவற்றைத் தேடுங்கள். 1910-இன் சட்டத்துக்குப் பிறகு வெளிவந்த கூட்டாட்சி ஆணைய அறிக்கைகளில் இவை பெரும்பாலும் நேர்மையாகப் பதிவாகியிருக்கும். ஆனால் கை இழந்தவரோ இறந்தவரின் மனைவியோ அந்த அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டுவதற்கு, அதே சட்டம் தடை விதித்திருந்தது.